பொருளும் எதிர்ப்பொருளும் மோதினால் என்ன மிஞ்சும்?

பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் அழிந்துபோய், சுத்தமான ஆற்றல் மட்டும் மிஞ்சும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன், பல வருடம் அதை அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன். கொஞ்சம் நின்று யோசித்தால் அந்த வரி இடறுகிறது. கடைக்குப் போய் 'சாமான் எதுவும் வேண்டாம், வெறும் எடை மட்டும் ஒரு கிலோ போடுங்க' என்று கேட்க முடியுமா? எடை என்றால் ஏதோ ஒரு சாமானின் எடை. ஆற்றலும் அப்படித்தான், ஏதோ ஒன்றிடம் இருந்தாக வேண்டும். அப்படியானால் மோதல் முடிந்த பிறகு அந்த ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போவது யார்? இது சின்னக் கேள்வி மாதிரி தெரிகிறது, ஆனால் எதிர்ப்பொருளைப் பற்றிப் புழங்குகிற பாதிக் கதைகள் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

இருப்பதிலேயே எளிய மோதலிலிருந்து தொடங்கலாம். எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான். இரண்டுக்கும் நிறை ஒன்றுதான், மின்னூட்டம் மட்டும் நேரெதிர். 1928இல் இயற்பியலாளர் பால் டிராக் எலக்ட்ரானுக்கு எழுதிய சமன்பாட்டில் இந்த இரண்டாவது ஆள் வேண்டாத விருந்தாளி மாதிரி வந்து நின்றது. அதைத் தட்டிக்கழிக்கப் பார்த்து முடியாமல், 1931இல் அவரே இப்படி ஒரு புதுத் துகள் இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த வருடமே அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சன், விண்ணிலிருந்து வரும் கதிர்களை முகில் அறையில் (துகள் போன வழி ஆவியில் கோடாகத் தெரியும் பெட்டி) படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அது சிக்கியது. நடுவில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயத்தகடு, அதைத் துளைத்துப் போன ஒரு தடம். காந்தப்புலத்தில் தடம் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் மின்னூட்டம் தெரியும், ஆனால் துகள் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். ஈயத்தைத் தாண்டினால் வேகம் குறைந்து தடம் இன்னும் அதிகமாக வளையுமே, அதை வைத்துத் திசையைச் சொல்லிவிட்டார். வந்தது நேர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான். 1936இல் நோபல் பரிசு.

சரி, இந்த இரண்டும் ஏன் ஒன்றையொன்று விட்டுவைப்பதில்லை? பகை எதுவும் கிடையாது. இயற்கை சில கணக்குகளை எப்போதும் சரியாக வைத்திருக்கும்: மின்னூட்டம், ஆற்றல், உந்தம், எலக்ட்ரான் குடும்பத்தின் தலைக்கணக்கு (எலக்ட்ரானுக்கு ஒன்று, பாசிட்ரானுக்கு மைனஸ் ஒன்று). தனியாக இருக்கும் எலக்ட்ரான் ஒளியாக மாற முடியாது, ஏனென்றால் அதன் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ள அதைவிட லேசான ஆள் யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு பாசிட்ரான் வந்து நின்றதும் நிலைமை மாறுகிறது. இருவரின் மின்னூட்டமும் சேர்ந்தால் பூஜ்யம், தலைக்கணக்கும் பூஜ்யம். தடுப்பதற்கு ஒன்றும் இல்லை, தடையில்லாதது நடந்துவிடுகிறது. மிஞ்சுவது ஆற்றலும் உந்தமும் மட்டும், அதை எடுத்துக்கொண்டு போக ஒளித்துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், பிறக்கின்றன.

ஏன் பன்மையில் சொல்கிறேன் என்றால், ஒரு ஃபோட்டான் போதாது. இரண்டு துகளும் ஏறக்குறைய நின்ற நிலையில் இருந்தால் மொத்த உந்தம் பூஜ்யம். ஃபோட்டானுக்கு நிற்கத் தெரியாது, அது ஏதாவது ஒரு பக்கம் போயே ஆக வேண்டும், அப்படிப் போனால் உந்தக் கணக்கு உதைக்கும். எனவே குறைந்தது இரண்டு வேண்டும், ஒன்று இந்தப் பக்கம் போனால் மற்றது நேரெதிர்ப் பக்கம். ஒவ்வொன்றும் சுமப்பது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஒரு எலக்ட்ரானின் நிறைக்கு ஐன்ஸ்டைன் சமன்பாடு கொடுக்கும் ஆற்றல், பிசகாமல். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான் சுமப்பது 2, 3 எலக்ட்ரான் வோல்ட்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு கடுமையான காமா கதிர் என்று புரியும். (சில நேரம் அவசரப்படாமல் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி ஒரு அணு மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும், அதற்கு பாசிட்ரோனியம் என்று பெயர். இரண்டின் சுழற்சியும் ஒரே பக்கமாக இருந்தால் இரண்டு ஃபோட்டானாகப் பிரிய விதி இடம் கொடுக்காது, மூன்றாகப் பிரிய வேண்டும், அதற்கு வெற்றிடத்தில் சராசரி 142 நானோ வினாடி ஆகிறது. எதிரெதிர்ச் சுழற்சியாக இருந்தால் 0.125 நானோ வினாடியில் கதை முடிந்துவிடும்.)

இப்போது நிறை எங்கே போனது என்று பார்ப்போம். தனித்தனியாக ஃபோட்டானுக்கு நிறை இல்லை, உண்மைதான். ஆனால் உள்பக்கம் முழுக்க, எதையும் வெளியே விடாத கண்ணாடி பதித்த ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, அதற்குள் இந்த மோதலை நடத்தினால், மோதலுக்கு முன்னும் பின்னும் பெட்டியின் எடையில் ஒரு மாற்றமும் இருக்காது. இரண்டு ஃபோட்டான்களும் உள்ளே முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருக்கும், அந்த ஆற்றலுக்கும் எடை உண்டு. ஆக, நிறை அழியவும் இல்லை, 'ஆற்றலாக மாறவும்' இல்லை என்பதே என் கட்சி. ஒரே தொகை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இதற்கு 'அழிவு' என்று பெயர் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆங்கிலத்திலும் அதே பிழைதான், ஆனால் அந்தப் பெயர் நம்மை வழிதவற வைத்ததும் உண்மை.

இதெல்லாம் எங்கோ சுரங்கத்துக்குள் நடக்கிற விஷயம் என்று நினைத்தால், பெரிய மருத்துவமனைகளில் தினமும் நடக்கிறது. பெட் ஸ்கேன் என்பது இந்த மோதலைப் படம் பிடிப்பதுதான், அந்தப் பெயரின் முதல் எழுத்தே பாசிட்ரானைக் குறிக்கிறது. ஃப்ளூரின்-18 ஒட்டிய ஒரு வகைச் சர்க்கரையை நரம்பில் ஏற்றுகிறார்கள். அதன் அரை ஆயுள் 110 நிமிடம், அதனால்தான் காலையில் செய்த மருந்தை மாலைக்குள் தீர்த்தாக வேண்டும், அந்த ஃப்ளூரினைச் செய்யும் சைக்ளோட்ரான் முடுக்கி இருக்கும் இடத்துக்கும் ஸ்கேன் செய்யும் இடத்துக்கும் இடையில் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சர்க்கரையை அதிகம் தின்னும் திசுக்களில், அதாவது மூளை, இதயம், பல புற்றுக்கட்டிகள், அது போய்ச் சேரும். அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு ஃப்ளூரின் அணுவும் சிதையும்போது ஒரு பாசிட்ரானை வெளியே விடுகிறது, அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே ஒரு எலக்ட்ரானிடம் மாட்டிக்கொள்கிறது. இரண்டு ஃபோட்டான்கள், நேரெதிர்த் திசையில். உடலைச் சுற்றி வளையமாக நிற்கும் உணர்கருவிகளில் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில், சில நானோ வினாடிக்குள், தட்டினால் அந்த இரண்டு இடத்தையும் இணைக்கும் கோட்டில் எங்கோ மோதல் நடந்திருக்கிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டி தெரிகிறது. நவீனக் கருவிகள் இரண்டு தட்டலுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தையும் 300 பிக்கோ வினாடி அளவுக்கு அளந்து, கோட்டில் எந்தப் பக்கம் என்பதையும் நாலைந்து சென்டிமீட்டருக்குள் சொல்லிவிடுகின்றன.

பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. வழக்கமாக ஏற்றும் அளவு 370 மெகாபெக்கரல், அதாவது வினாடிக்கு 37 கோடி அணுச் சிதைவு, என்று வைத்துக்கொண்டால், ஆரம்பத்தில் உடலுக்குள் வினாடிக்கு 35 கோடி மோதல்கள் நடக்கின்றன. கேட்கப் பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மருந்தில் உள்ள ஃப்ளூரின் கடைசி அணு வரை சிதைந்தாலும், எல்லா மோதல்களின் ஆற்றலையும் கூட்டினால் அரை ஜூலைச் சற்றுத் தாண்டும். நூறு கிராம் வெண்ணெயைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்குகிற ஆற்றல். அதிலும் பெரும்பகுதி காமா கதிராக உடலை விட்டு வெளியே போய்விடுகிறது. கதிர்வீச்சு என்பதால் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, அது வேறு விஷயம். மருந்தே ஏற்றாவிட்டாலும், நம் உடம்பில் இயல்பாக இருக்கும் பொட்டாசியம்-40 மிக அபூர்வமாக எலக்ட்ரானுக்குப் பதில் பாசிட்ரானை வெளியிடும், அந்த வகையில் நாளொன்றுக்குச் சில ஆயிரம் மோதல்கள் நமக்குள் சும்மாவே நடந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு பெட் ஸ்கேனைவிடப் பிடித்த பயன் ஒன்று உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. உலோகத்துக்குள் ஒரு அணு இருக்க வேண்டிய இடத்தில் காலியாக இருந்தால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி? பாசிட்ரானை உள்ளே அனுப்பிப் பார்க்கலாம். அணுக்கருக்கள் எல்லாம் நேர் மின்னூட்டம், பாசிட்ரானையும் தள்ளும், அதனால் அணு இல்லாத அந்தக் குழிதான் அதற்குச் சுகமான இடம், போய் உட்கார்ந்துகொள்ளும். குழிக்குள் எலக்ட்ரான் நெரிசல் குறைவு, ஆகவே கொஞ்சம் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும். அலுமினியத்தில் சாதாரணமாக 160 பிக்கோ வினாடியை ஒட்டிய ஆயுள், காலியிடத்தில் மாட்டினால் 240ஐ ஒட்டி ஏறும். இதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் அழகு: சோடியம்-22 பாசிட்ரானை வெளியிட்ட கையோடு 1.27 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் ஒன்றையும் விடும், அது பிறப்புச் சான்றிதழ். அப்புறம் வரும் 511 இறப்புச் சான்றிதழ். நடுவில் உள்ள நேரம் ஆயுள். அணு உலைக்குள் கதிர்வீச்சில் அடிபடும் எஃகுகளில் இப்படிக் குழிகள் எப்படி உருவாகிச் சேர்கின்றன என்பது பெரிய கவலை, கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்த முறையை வைத்து வெகுநாளாக ஆய்வு செய்கிறார்கள்.

இதுவரை பார்த்தது சுத்தமான மோதல், உள்ளே இரண்டு போய் வெளியே இரண்டு வந்தது. புரோட்டானுக்கு வந்தால் ரகளைதான். எதிர்புரோட்டானை 1955இல் பெர்க்லியின் பெவட்ரான் முடுக்கியில் எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லின் குழுவினர் கண்டுபிடித்தார்கள், 1959இல் இருவருக்கும் நோபல். புரோட்டான் என்பது ஒற்றைத் துகள் அல்ல, குவார்க்குகளின் மூட்டை. மூட்டையும் எதிர்மூட்டையும் மோதும்போது குவார்க்குகள் பிரிந்து ஜோடி மாறி, சராசரியாக ஐந்து பையான்களாக, அதாவது ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த லேசான துகள்களாக, சிதறுகின்றன. மொத்தக் கையிருப்பு 1,876 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஒரு பையானின் நிறைக்கு அதில் 140 போதும், மிச்சமெல்லாம் வேகம். அதாவது 'அழிவு' முடிந்த அடுத்த கணம் கையில் இருப்பது நிறையுள்ள துகள்கள்! ஐந்தில் மின்னூட்டம் இல்லாதவை உடனே இரண்டிரண்டு காமா கதிராகிவிடும். மற்றவை 26 நானோ வினாடி சராசரி ஆயுளில் மியூவானாகவும் (எலக்ட்ரானின் கனமான உறவு) நியூட்ரினோவாகவும், மியூவான் 2.2 மைக்ரோ வினாடியில் எலக்ட்ரானாகவும் இன்னும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் பிரியும். எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் ஏறக்குறைய பாதி ஆற்றலை நியூட்ரினோக்கள் கொண்டுபோயிருக்கும், அவை பூமியையே கவனிக்காமல் துளைத்துப் போகிறவை, திரும்பப் பிடிக்க வழியில்லை. எதிர்ப்பொருளை நூற்றுக்கு நூறு எரிபொருள் என்று சொல்லும்போது இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இன்னொரு தவறான எண்ணமும் இங்கேயே கழன்றுவிடும். எந்தப் பொருளும் எந்த எதிர்ப்பொருளையும் தொட்டவுடன் வெடித்துவிடும் என்பதில்லை. எலக்ட்ரானுக்கும் எதிர்புரோட்டானுக்கும் ஒரு பிரச்சினையும் கிடையாது, கணக்கு நேராகாது என்பதால் மோத முடியாது. 1991இல் ஜப்பானில், ஹீலியத்தில் நிறுத்திய எதிர்புரோட்டான்களில் சில, அணுவில் ஒரு எலக்ட்ரானின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சமுள்ள எலக்ட்ரானோடு சேர்ந்து சில மைக்ரோ வினாடி குடித்தனம் நடத்தியதைப் பார்த்தார்கள், அணு உலகத்தில் அது நீண்ட காலம். ஆனால் அதே எதிர்புரோட்டான் நியூட்ரானைத் தொட்டால் சிதறிவிடும், நியூட்ரான் அதன் ஜோடி இல்லையே என்றால், உள்ளே இருக்கும் குவார்க்குகள் ஜோடிதான். எதிர்புரோட்டானும் பாசிட்ரானும் சேர்ந்த எதிர்ஹைட்ரஜன் அணு ஒன்று சுவரில் பட்டால்கூட நடப்பது ஒரு மோதல் அல்ல: பாசிட்ரான் ஒரு எலக்ட்ரானைத் தேடிக்கொள்ளும், எதிர்புரோட்டான் ஒரு அணுக்கருவைத் தேடிக்கொள்ளும்.

அப்புறம், வெளியே வருவது உள்ளே போனதைவிட லேசாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் வேகமேற்றி மோதவிட்டால், அந்த வேகத்தின் ஆற்றலும் கணக்கில் சேரும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லெப் முடுக்கி 1989 முதல் 2000 வரை இதையே செய்தது. புரோட்டானைப்போல் 97 மடங்கு கனமான இசட் போசான் என்ற துகள்களை, எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மறைந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 1.7 கோடி எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஐந்தில் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நியூட்ரினோவாகப் போனது, அந்த விகிதத்தை வைத்தே லேசான நியூட்ரினோக்கள் மூன்று வகைதான், நாலாவது கிடையாது என்று முடிவு கட்டினார்கள். கொசு இரண்டு மோதிக்கொண்ட இடத்தில் யானை நின்ற கதை.

குண்டு, ராக்கெட் என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். ஒரு கிராம் எதிர்ப்பொருளும் ஒரு கிராம் பொருளும் சேர்ந்தால் 1.8 × 10¹⁴ ஜூல், நம் மின்கட்டண மொழியில் 5 கோடி யூனிட், வெடிமருந்து மொழியில் 43 கிலோ டன், ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் அந்த ஒரு கிராமுக்கு எங்கே போவது? செர்னில் எதிர்புரோட்டான்களை வேகம் குறைத்துத் தரும் இயந்திரம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 3 கோடி தருகிறது. ஒன்றுகூட வீணாகாமல் சேர்த்து வைத்தாலும் ஒரு கிராம் சேர ஏறக்குறைய 7,600 கோடி வருடம் ஆகும், பிரபஞ்சத்துக்கே வயது 1,380 கோடிதான். தவிர, செய்வதற்குச் செலவாகும் மின்சாரம் கிடைப்பதைவிடப் பல கோடி மடங்கு. எங்கேயும் எதிர்ப்பொருள் சுரங்கம் இல்லாதவரை இது எரிபொருளே அல்ல.

வைத்திருப்பது இன்னொரு வித்தை. மின்னூட்டம் உள்ள எதிர்புரோட்டானை மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த பொறியில் நிறுத்தலாம், செர்னின் பேஸ் குழு 405 நாள் வரை வைத்திருந்தது. எதிர்ஹைட்ரஜனுக்கு மின்னூட்டம் இல்லை, ஒரு சின்னக் காந்தம் மாதிரி மட்டும் நடந்துகொள்ளும், அதைப் பிடிக்கும் பொறி மிகவும் ஆழமில்லாதது, கொஞ்சம் சூடாக இருந்தாலும் ஏறிக் குதித்துவிடும். ஆல்ஃபா குழு 2010இல் 38 அணுக்களைப் பிடித்தது, மறுவருடமே ஆயிரம் வினாடி வரை வைத்திருந்தது. 2023இல் அதே குழு பொறியை மெதுவாகத் திறந்து அணுக்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்த்தது. மேலே போகுமோ என்று ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம், கீழேதான் விழுந்தது. எங்கே விழுந்தது என்று தெரிந்ததும் மோதலால்தான்: சுவரில் பட்ட இடத்திலிருந்து கிளம்பிய பையான்களின் தடத்தைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தார்கள். 2024 அக்டோபரில் பேஸ் குழு ஒத்திகையாக 70 சாதாரணப் புரோட்டான்களைப் பொறியில் வைத்து லாரியில் ஏற்றி ஆய்வக வளாகத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தது.

வெளியே இயற்கையிலும் இது நடக்கிறது. 2017 பிப்ரவரியில் ஜப்பானின் காஷிவாசாகி பக்கம் அடித்த மின்னலுக்குப் பிறகு, ஒரு நிமிடம் போல 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் பதிவானது. மின்னலிலிருந்து வந்த காமா கதிர் காற்றின் நைட்ரஜனிலிருந்து நியூட்ரானை உதைத்துத் தள்ள, மிச்சமான நைட்ரஜன்-13 பாசிட்ரான் விட்டுக்கொண்டே மேகத்தோடு நகர்ந்திருக்கிறது. நம் பால்வீதியின் மையத்திலிருந்தும் இதே 511 வருகிறது. வினாடிக்கு 10⁴³ என்ற அளவில் பாசிட்ரான்கள் அங்கே தீர்கின்றன, அத்தனையும் எங்கிருந்து வருகின்றன என்பதில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை.

ஆனால் மிகப் பெரிய மோதல் முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களுக்குள். அப்போது இருந்த சூட்டில் எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடிகள் உருவாவதும் மோதுவதும் சமமாக நடந்துகொண்டிருந்தது, ஆறத் தொடங்கியதும் உருவாவது நின்றது, மோதுவது மட்டும் நடந்தது. அந்த ஆற்றலெல்லாம் ஒளிக்குப் போனது. நியூட்ரினோக்களோ அதற்குச் சற்று முன்னால், ஒரு வினாடி வயதிலேயே, மற்றவர்களோடு ஒட்டுறவை முறித்துக்கொண்டதால் அவற்றுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அதனால்தான் இன்று விண்வெளியெங்கும் பரவியுள்ள ஒளியின் வெப்பநிலை 2.73 கெல்வின், நியூட்ரினோக்களுக்குக் கணக்கிடுவது 1.95 கெல்வின். 1,380 கோடி வருடத்துக்கு முன் நடந்த பாகப்பிரிவினையின் வித்தியாசம் அது.

இதில் ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது. எல்லாம் ஜோடி ஜோடியாக உருவாகி ஜோடி ஜோடியாகப் போயிருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாது. இன்று ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 160 கோடி ஃபோட்டான்கள் என்ற விகிதம் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிப் போனால், நூறு கோடி எதிர்த்துகள்களுக்கு நூறு கோடியே ஒன்று என்கிற அளவில் பொருள் கொஞ்சம் கூட இருந்திருக்க வேண்டும், அந்தக் கூடுதல் ஒன்றுதான் விண்மீன்களும் நாமும். அது எப்படிக் கூடியது? அதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று 1967இல் சோவியத் இயற்பியலாளர் ஆந்திரே சகாரோவ் எழுதிவைத்தார், அதில் ஒன்று, பொருளையும் எதிர்ப்பொருளையும் இயற்கை கொஞ்சம் வேறுவேறாக நடத்த வேண்டும் என்பது. அந்தப் பாரபட்சம் உண்டு என்பதை அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964இல், கேயான் என்ற நிலையற்ற துகள்களில் ஜேம்ஸ் குரோனினும் வால் ஃபிட்ச்சும் பார்த்துவிட்டார்கள். 2025இல் செர்னின் எல்எச்சிபி குழு, புரோட்டானின் சாதியைச் சேர்ந்த ஒரு கனமான துகளிலும் அதன் எதிர்த்துகளிலும் ஒரு குறிப்பிட்ட வகைச் சிதைவின் வீதம் சற்று வேறுபடுவதை முதன்முறையாகக் காட்டியது. இந்த வகைப் பாரபட்சத்துக்கு இப்போதுள்ள கோட்பாட்டில் ஏற்கெனவே இடம் இருக்கிறது, அந்த இடத்தை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டாலும் நூறு கோடிக்கு ஒன்று என்ற கூடுதல் வருவதில்லை, பல மடங்கு குறைகிறது.